மாநிலப் பூங்கா பாஸ்: மாமியாரின் இருபது டாலரும் நூலகத்தின் இலவசமும்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் நகரில் வசிக்கிறோம். நான், கணவர், நான்காம் வகுப்பு படிக்கும் மகள், எங்களோடு நிரந்தரமாகத் தங்கியிருக்கும் மாமியார் என நான்கு பேர். மாமியாருக்கு 67 வயது, கிரீன் கார்டு வைத்திருக்கிறார். மூட்டுத் தேய்மானம் இருப்பதால் அதிகம் நடக்க முடியாது. வண்டியில் தொங்கவிடும் நீல நிற மாற்றுத்திறனாளி அட்டை அவர் பெயரில் இருக்கிறது. வரும் அக்டோபரில் என் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து மார்ச் வரை இருக்கப்போகிறார்கள். வார இறுதிகளில் அவர்களைக் கடற்கரைக்கும் ரெட்வுட் காடுகளுக்கும் அழைத்துப் போக ஆசை. கடந்த முறை வந்தபோது போன இடத்தில் எல்லாம் பத்துப் பத்து டாலராகக் கரைந்தது. 195 டாலர் கொடுத்து மாநிலப் பூங்காக்களின் ஆண்டு பாஸை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அதே பாஸை 80 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். தேசியப் பூங்காக்களுக்கு வாங்கிய பாஸ் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை இங்கே காட்டலாமா என்றும் தெரியவில்லை. தள்ளுபடி விலையில் பாஸ் எங்கே கிடைக்கும்? (ஃப்ரீமான்ட் வாசகி)

பதில் (கலிஃபோர்னியாவில் பொது நூலகராகப் பணிபுரிபவர் எழுதுகிறார்):

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கள் நூலகத்தின் உதவி மேசைக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் கூப்பன் தளங்களில் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்துவிட்டு வந்திருப்பார்கள். தள்ளுபடிக் குறியீடு என்று அங்கே காட்டப்படுபவை எதுவும் பூங்கா வாசலில் செல்லாது. கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் விலைக் குறைப்பு ஆளைப் பொறுத்தது. வயது என்ன, எந்த வகுப்பில் படிக்கிறார், உடல்நிலை எப்படி, வருமானம் எவ்வளவு, படையில் பணியாற்றியவரா என்பதைக் கொண்டே சலுகை தருகிறார்கள். கட்டணத்தையோ தலைக்கு என்று வாங்காமல் வண்டிக்கு என்று வாங்குகிறார்கள். எனவே சலுகைக்கு உரிய ஒருவர் வண்டியில் இருந்தால், கூட வரும் எல்லோருக்கும் அந்தச் சலுகை சேர்ந்துவிடும். உங்கள் வண்டியில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: மாமியார், மகள். ஆகவே 195 டாலரை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

முதலில் மாமியார். 62 வயது நிறைந்தவர்களுக்கென்று ‘லிமிடெட் யூஸ் கோல்டன் பேர் பாஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 20 டாலர். ‘லிமிடெட்’ என்பதன் பொருள், கூட்டம் குறைந்த பருவத்தில் மட்டும் செல்லும் என்பதுதான். செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டே முடிந்ததும் தொடங்கி, மே இறுதியில் மெமோரியல் டே வார இறுதி வருவதற்கு முன்புவரை பயன்படுத்தலாம். கோடைக்கு உதவாது என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் பெற்றோரோ அக்டோபரில் வந்து மார்ச்சில் திரும்புகிறார்கள். உங்களுக்காகவே தேதி பார்த்து வடிவமைத்தது போல இருக்கிறது. வாசலில் பத்து டாலர் வாங்கும் இடத்துக்கு இரண்டு முறை போனாலே போட்ட பணம் திரும்பிவிடும். விண்ணப்பப் படிவம் மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. வயதைக் காட்டும் புகைப்பட அடையாளச் சான்று வேண்டும். பாஸ் மாமியார் பெயரில் இருக்கும், ஆகவே அவர் வண்டியில் இருக்க வேண்டும். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் பாஸை மட்டும் எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் வேண்டாம். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்.

இதே பெயரில், ‘லிமிடெட்’ இல்லாத முழு கோல்டன் பேர் பாஸும் உண்டு. அது இலவசம், ஆண்டு முழுவதும் செல்லும், இருநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் அதில் அடங்கும். ஆனால் அது கால்வொர்க்ஸ் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநிலம் தரும் பண உதவி) பெறும் குடும்பங்களுக்கும், எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த முதியோருக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் மத்திய அரசு தரும் மாதாந்தர உதவி) பெறுபவர்களுக்கும், 62 வயது கடந்து வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் மட்டுமே உரியது. மாமியாரின் வருமானம் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவருக்கென்று தனி வருமானம் இல்லை என்றால், படிவத்தில் உள்ள வருமான வரம்பையும் அதற்கு எந்த ஆவணம் கேட்கிறார்கள் என்பதையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். தகுதி இருந்தால் இருபது டாலரும் மிச்சம். ஒரே ஒரு எச்சரிக்கை: பூங்கா பாஸுக்காக யாரும் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கிளம்ப வேண்டாம். குடியேற்ற விவகாரங்களில் அது வேறு எங்கெங்கோ இழுத்துச் செல்லும். ஏற்கெனவே பெறுபவர்களுக்கானது இது.

அடுத்து, அந்த நீல அட்டை. அது கண்ணாடியில் தொங்கினால் நுழைவுக் கட்டணம் கேட்க மாட்டார்கள் என்று நம் மக்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. தெருவோர மீட்டரில் பணம் போடாமல் நிறுத்துவதற்கு அது உதவும். மாநிலப் பூங்கா வாசலில் கட்டணத்தை அது தள்ளுபடி செய்யாது. ஆனால் நிரந்தர உடற்குறை உள்ளவர்களுக்கென்று பூங்காத் துறையே தனியாக ஒரு பாஸ் தருகிறது. ஒரே ஒரு தடவை மூன்றரை டாலர் கட்ட வேண்டும், அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் வண்டி நுழைவு, கூடாரம் போட்டுத் தங்குவது, படகு இறக்குவது ஆகிய மூன்றுக்கும் பாதிக் கட்டணம். இந்த மாநிலத்தில் மூன்றரை டாலருக்கு ஒரு காபிகூடக் கிடைப்பதில்லை. நீல அட்டை நிரந்தரக் குறைபாட்டுக்கும் சிவப்பு அட்டை தற்காலிகமானவற்றுக்கும் தரப்படுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் சில மாதங்களுக்கு என்று சிவப்பு அட்டை வாங்கியவர்களுக்கு இந்தப் பாஸ் கிடைக்காது. உங்கள் மாமியாருக்குக் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. நிரந்தரக் குறைபாட்டுக்கான மருத்துவர் சான்று போன்ற ஆவணத்தை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும்.

இருபது டாலர் பாஸையும் இதையும் ஒரே நாளில் சேர்த்துக் காட்டி மேலும் குறைக்க முடியாது. ஒரு நேரத்துக்கு ஒரு சலுகைதான். ஆனாலும் இரண்டையும் வாங்கி வைப்பது வீணல்ல. குளிர்காலத்தில் இருபது டாலர் பாஸ் வேலை செய்யும். அது உறங்கும் கோடையில் இந்தப் பாதிக் கட்டணப் பாஸ் விழித்திருக்கும். கூடாரமடித்துத் தங்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், உண்மையான லாபம் அங்கேதான். ஓர் இரவுக் கட்டணம் பகல் நுழைவைப் போல மூன்று, நான்கு மடங்கு வரும் இடங்கள் உண்டு. அதில் பாதி என்பது சிறிய தொகை அல்ல.

இனி மகள். நான்காம் வகுப்பு என்பது இந்த நாட்டில் பூங்காக்களுக்கு ராஜயோகம் உள்ள ஆண்டு. கலிஃபோர்னியாவில் வசிக்கும் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு மாநிலம் ‘அட்வென்ச்சர் பாஸ்’ தருகிறது. இலவசம். 2021இல் 19 பூங்காக்களோடு தொடங்கினார்கள். பின்னர் பட்டியலை நீட்டினார்கள். குழந்தையோடு வரும் குடும்பத்துக்கும் அது பொருந்தும். முன்பதிவுகளுக்குப் பயன்படும் ரிசர்வ் கலிஃபோர்னியா இணையதளத்தில்தான் இதற்கும் பதிவு. எல்லா மாநிலப் பூங்காக்களும் இதில் அடங்காது என்பதால், போகும் இடம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இதைப் போலவே மத்திய அரசும் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு ‘எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்’ என்று ஒரு பாஸ் தருகிறது. அது தேசியப் பூங்காக்களுக்கு. பள்ளிகளில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுகிறார்கள். பெற்றோரும் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். மகளுக்கு இரண்டையும் வாங்குங்கள். இரண்டுமே செப்டம்பரில் தொடங்கும் பள்ளி ஆண்டுக் கணக்கில் போகின்றன. ஐந்தாம் வகுப்புக்குப் போனபின் கேட்டால் கிடைக்காது.

உங்கள் கையில் இருக்கும் தேசியப் பூங்கா பாஸ் பற்றிய கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போக நினைக்கும் மாநிலப் பூங்காக்களில் அது செல்லாது. மாநிலப் பூங்கா பாஸ் யோசமிட்டி வாசலில் செல்லாததும் அதே காரணத்தால்தான். இரண்டும் வேறு வேறு அரசுகளின் கல்லாப்பெட்டி. குழப்பம் இத்தோடு நிற்பதில்லை. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஷன் பீக், கயோட்டி ஹில்ஸ் இரண்டும் ஃப்ரீமான்டில்தான் இருக்கின்றன. ஆனால் அவை ஈஸ்ட் பே வட்டாரப் பூங்கா மாவட்டத்தின் கீழ் வருபவை. மாநில பாஸுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. சான் ஹோசே பக்கம் போனால் சாண்டா கிளாரா கவுண்டியின் பூங்காக்கள் தனி. ரெட்வுட் மரங்களுக்குப் பெயர்போன மியூர் வுட்ஸ் மத்திய அரசுடையது. அதைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மவுண்ட் தமால்பயஸ் மாநிலத்துடையது. மரங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியும். பூங்காவின் பெயரில் ‘ஸ்டேட் பார்க்’ அல்லது ‘ஸ்டேட் பீச்’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

தேசியப் பூங்கா பேச்சு வந்ததால் இன்னொன்று. உங்கள் மாமியார் 62 கடந்தவர், கிரீன் கார்டால் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர். தேசியப் பூங்காக்களுக்கான முதியோர் பாஸ் அவருக்குக் கிடைக்கும்: ஆண்டுக்கு 20 டாலர், வாழ்நாளுக்கு 80 டாலர். உங்களிடம் இருப்பது ஆண்டு பாஸ் என்றால், அது முடிந்ததும் புதுப்பிக்காமல் இதை வாங்குங்கள். விசிட்டர் விசாவில் வரும் உங்கள் பெற்றோருக்கு அந்த முதியோர் பாஸ் கிடையாது. மேலும் 2026 ஜனவரி முதல் யோசமிட்டி, செகோயா, கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிறைந்தவர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் விதித்திருக்கிறார்கள். அப்பா அம்மாவை யோசமிட்டிக்கு அழைத்துப் போகும் திட்டம் இருந்தால், விடுதிக்குப் பணம் கட்டும் முன்பே இந்த விதியைப் படித்துவிடுங்கள். கலிஃபோர்னியா மாநிலப் பூங்கா வாசலில் இந்தத் தொல்லை இல்லை. வண்டிக்குக் கட்டணம் கட்டியாயிற்றா என்பதுதான் அங்கே கேள்வி. உள்ளே இருப்பவரின் பாஸ்போர்ட் எந்த நிறம் என்று பார்ப்பதில்லை.

இப்போது என் மேசைக்கு வருவோம்.

2022 ஏப்ரலில் கலிஃபோர்னியா மாநில நூலகமும் மாநிலப் பூங்காத் துறையும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கின. பொது நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலவே மாநிலப் பூங்கா பாஸையும் எடுத்துச் செல்லலாம். கட்டணம் எதுவும் இல்லை. நூலக அட்டை இருந்தால் போதும். வருமானச் சான்று, வயதுச் சான்று என்று எதையும் கேட்பதில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்களில் ஒன்பது பேர் வரை அமரும் வண்டி ஒன்றையோ மோட்டார் சைக்கிள் ஒன்றையோ இதைக் கொண்டு இலவசமாகக் கொண்டுபோய் நிறுத்தலாம். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அவர் வரவில்லை என்ற நாளிலும் இது கைகொடுக்கும். யார் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்காது.

சிக்கல் ஒன்றுதான்: வரிசை. ஒவ்வொரு கிளையிலும் சில பாஸ்களே இருக்கும். கோடை விடுமுறையில் வரிசை அனுமார் வாலாக நீளும். எத்தனை நாள் இரவல், முன்கூட்டிப் பெயர் பதிந்து வைக்க முடியுமா, அல்லது நேரில் வந்து கிடைப்பதை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் நூலகத்துக்கு நூலகம் மாறும். எங்கள் மேசையில் நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை இது. கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு, எந்த ஊரில் வசித்தாலும், பெரும்பாலான பொது நூலகங்கள் இலவசமாக அட்டை தருகின்றன. ஃப்ரீமான்டில் இருப்பவர் அலமீடா கவுண்டி நூலக அட்டையோடு நின்றுவிட வேண்டியதில்லை. நீங்களோ கணவரோ வேலைக்குப் போகும் வழியில் சான் ஹோசேயோ வேறு நகரமோ இருந்தால், அங்கேயும் ஓர் அட்டை வாங்குங்கள். இரண்டு, மூன்று நூலகங்களின் வரிசையில் பெயர் இருந்தால் ஏதாவது ஒன்று சீக்கிரம் வரும். நூலகப் பட்டியலில் தேடி அகப்படவில்லை என்றால் மேசையில் இருப்பவரிடம் ‘ஸ்டேட் பார்க்ஸ் பாஸ்’ என்று கேளுங்கள். கேட்கத் தயங்கி, புத்தக அடுக்குகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருப்பவர்களை நான் பார்க்கிறேன். கேட்பதற்காகத்தான் அந்த மேசை இருக்கிறது.

சாண்டா கிளாரா கவுண்டியின் பூங்காக்களுக்கும் இதே போல நூலகம் வழியே இரவல் பாஸ் உண்டு. அங்கே அட்டை வாங்கினால் அதையும் விசாரியுங்கள். பே ஏரியா நூலகங்கள் பலவற்றில் ‘டிஸ்கவர் அண்ட் கோ’ என்ற பெயரில் அருங்காட்சியக நுழைவுச் சீட்டுகளும் கிடைக்கும். மழைக்காலத்தில் அப்பா அம்மாவை வீட்டிலேயே உட்கார வைக்காமல் இருக்க அது உதவும்.

நூலகப் பாஸ் எவற்றுக்குச் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பகலில் வண்டி நிறுத்தி உள்ளே போவதற்கு மட்டுமே அது. இரவு தங்கும் கட்டணம், தலைக்கு வாங்கும் டிக்கெட், வழிகாட்டியோடு போகும் சுற்றுலா, படகு இறக்கும் கட்டணம், கூடுதல் வண்டி எதுவும் அதில் சேராது. சான் சிமியனில் உள்ள ஹர்ஸ்ட் மாளிகையும் மாநிலப் பூங்காத் துறையின் கையில்தான் இருக்கிறது; ஆனால் அதைச் சுற்றிக்காட்டும் டிக்கெட்டுக்கு இந்தப் பாஸ் உதவாது. இன்னொன்று, நம்மவர்கள் நான்கு குடும்பமாகச் சேர்ந்து, தயிர் சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் உள்ளவர்கள். ஒரு பாஸ் என்றால் ஒரு வண்டி. பின்னால் வரும் மூன்று வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே பாஸை வாசலில் நீட்டிப் பேரம் பேசுவது பலிக்காது. எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று பன்னிரண்டு பேர் அமரும் வேனை வாடகைக்கு எடுத்தாலும் பாஸ் செல்லாது. ஒன்பது இருக்கைதான் எல்லை.

சில பூங்காக்களின் வாசலில் ஆளே இருக்க மாட்டார்கள். இரும்புக் குழாய் ஒன்று நட்டிருக்கும். உறையில் பணத்தை வைத்து அதற்குள் போட வேண்டும். அங்கே உறையைத் தேடி அலைய வேண்டாம். பாஸை வண்டிக்குள் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில், எழுத்து வெளியே தெரியும்படி தொங்கவிட்டுவிட்டுப் போங்கள். பாஸ் கைப்பையில் இருந்தால் அபராதச் சீட்டு வரும்.

இந்தத் திட்டம் மாநில அரசின் நிதிநிலை அறிக்கையை நம்பி ஓடுவது. 2024இல் இதை நிறுத்திவிடும் பேச்சு எழுந்து, நூலகப் பயனாளர்கள் பலர் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆகவே நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் சொன்னதை வைத்துக்கொண்டு கிளம்பாமல், உங்கள் கிளையைத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாஸின் மேலே அச்சிட்ட காலாவதித் தேதியையும் பாருங்கள்.

கணவர் சொல்லும் 195 டாலர் பாஸுக்கு வருகிறேன். ‘கலிஃபோர்னியா எக்ஸ்ப்ளோரர்’ என்ற ஆண்டு பாஸ் அது. நல்ல பாஸ்தான், யாருக்கு என்பதுதான் கேள்வி. பத்து டாலர் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டில் இருபது முறை போனால்தான் முதல் தேறும். வாராவாரம் கடற்கரைக்கு அலைச்சறுக்குப் பலகையோடு போகிறவர்களுக்கும், தெற்கே சான் டியேகோ பக்கம் கடலோரத்தில் வசிப்பவர்களுக்கும் அது கட்டுப்படியாகும். ‘கோல்டன் பாப்பி’ என்று 125 டாலருக்கு இன்னொன்று இருக்கிறது. ரெட்வுட் காடுகளும் உள்நாட்டு ஏரிகளும் அதில் வரும். தெற்கின் கூட்டம் மிகுந்த கடற்கரைகள் வராது. உங்கள் வீட்டுக்கு இரண்டும் தேவையில்லை என்பது என் கணிப்பு. மாமியார் பெயரில் இருபது, மூன்றரை. மகள் பெயரில் பூஜ்யம். நூலகத்தில் பூஜ்யம். மொத்தம் 23.50 டாலர். மிச்சமாகும் பணத்தில் எரிபொருளும், வழியில் ஒரு நல்ல மதிய உணவும் ஆகிவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் 80 டாலருக்குப் பாஸ் விற்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஆண்டு பாஸ்களுக்குக் காலாவதி குறிக்கப்பட்டிருக்கும். தொலைந்தால் மாற்றுப் பாஸ் தர மாட்டார்கள், பணமும் திரும்பாது. அவர் விற்பது இரண்டு மாதமே மீதமுள்ள பாஸா, யாரோ தொலைத்த பாஸா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பூங்கா வாசல், பூங்காத் துறையின் இணையதளம், ரிசர்வ் கலிஃபோர்னியா, நூலகம் ஆகியவற்றைத் தவிர்த்து வேறெங்கும் பாஸ் வாங்காதீர்கள்.

பாஸே இல்லாமல் போகும் நாளுக்கும் சில வழிகள் உண்டு. பல மாநிலப் பூங்காக்களில் 62 கடந்தவர் வண்டியில் இருந்தால் பகல் கட்டணத்தில் ஒரு டாலர் குறைப்பார்கள், கேட்டால்தான். நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் ஊரே கடைகளில் முட்டி மோதும்போது, ‘சேவ் தி ரெட்வுட்ஸ் லீக்’ என்ற அமைப்பு 2015 முதல் ரெட்வுட் மாநிலப் பூங்காக்களுக்கு இலவச நுழைவுச் சீட்டுகள் வழங்கி வந்திருக்கிறது. முன்கூட்டியே இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும், வேகமாகத் தீர்ந்துவிடும். உங்கள் பெற்றோர் இங்கே இருக்கும் காலத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை வருகிறது. படையில் பணியாற்றி ஐம்பது விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுற்ற கலிஃபோர்னியா வாசிகளுக்குத் தனியாக ஓர் இலவச பாஸ் உண்டு. உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்றாலும் அண்டை வீட்டாருக்குச் சொல்லலாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மூட்டு வலி உள்ள மாமியாரும் உங்கள் பெற்றோரும் வண்டியில் இருப்பதால் எங்கே போகலாம் என்பதையும் சொல்கிறேன். அக்டோபர் நடுவிலிருந்து சாண்டா குரூஸில் உள்ள நேச்சுரல் பிரிட்ஜஸ் ஸ்டேட் பீச்சுக்கு மொனார்க் பட்டாம்பூச்சிகள் குளிர்காலம் கழிக்க வந்து சேரும். யூகலிப்டஸ் தோப்புக்குள் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மெல்ல நடந்தாலே போதும். வெயில் ஏறிய பிறகு போங்கள், குளிரில் அவை இறக்கையை மூடிக்கொண்டு காய்ந்த இலை போலத் தொங்கும். ஃபெல்டன் அருகே ஹென்றி கவெல் ரெட்வுட்ஸில் ஒரு மைலுக்கும் குறைவான சமதளச் சுற்றுப் பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியும் போகும்.

பிக் பேஸின் இந்த மாநிலத்தின் முதல் பூங்கா, 1902இல் உருவானது. 2020 ஆகஸ்டில் காட்டுத்தீ அதை விழுங்கியது. 2022 ஜூலையில்தான் ஒரு பகுதியைத் திறந்தார்கள். கருகிய அடிமரங்களிலிருந்து பச்சை துளிர்த்து நிற்பதைப் பார்க்கப் போகலாம். ஆனால் அங்கே வண்டி நிறுத்த இடம் மிகக் குறைவு. பாஸ், கட்டணத்தை மட்டுமே மிச்சப்படுத்தும். இடத்தை உறுதி செய்யாது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை ஆன்யோ நுவேவோவில் யானைச் சீல்கள் கரையேறிக் குட்டி போடும் காலம். அப்போது வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். தலைக்கு டிக்கெட், முன்பதிவு இரண்டும் வேண்டும், எந்தப் பாஸும் அந்த டிக்கெட்டைக் குறைக்காது. மணலில் மூன்று மைல் நடை. மாமியாரால் முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கென்று பலகைப் பாதையில் தனிச் சுற்று நடத்துகிறார்கள். ‘ஈக்வல் ஆக்சஸ்’ என்று கேட்டுத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இடங்கள் குறைவு என்பதால் பதிவு தொடங்கியதுமே இதைப் பதிந்துவிடுங்கள்.

மற்ற மாநிலங்களில் இருக்கும் வாசகர்களுக்கும் இரண்டு வரி. டெக்சஸில் ஆண்டு பாஸ் 70 டாலர். வண்டியில் கூட வருபவர்களுக்கும் சேர்த்து. பன்னிரண்டு வயதுவரை குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை. கொலராடோவிலும் மிச்சிகனிலும் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போதே பூங்கா பாஸைச் சேர்த்து வாங்குவதுதான் மலிவு. கொலராடோவில், வேண்டாம் என்று நீங்களாகச் சொல்லாவிட்டால் அது தானாகவே சேர்ந்திருக்கும், பதிவு ரசீதைப் பாருங்கள். பலர் பாஸ் வைத்திருப்பதே தெரியாமல் வாசலில் பணம் கட்டுகிறார்கள். நியூயார்க்கில் அந்த மாநில அடையாள அட்டை உள்ள 62 கடந்தவர்களுக்கு வார நாள்களில் வண்டி நுழைவு இலவசம். அங்கேயும் நூலகங்கள் பாஸ் இரவல் தருகின்றன. பென்சில்வேனியா, ஒஹாயோ, டென்னசி மாநிலங்களில் மாநிலப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அங்கே யாராவது தள்ளுபடி பாஸ் விற்க வந்தால் அவரைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் முதல் வேலை, மாமியாரின் இரண்டு படிவங்களையும் செப்டம்பரிலேயே நிரப்பி அனுப்புவது. அஞ்சல் தாமதமானாலும் அக்டோபருக்குள் வந்து சேரும். நூலக வரிசையிலும் இப்போதே பெயரைப் பதியுங்கள். பாஸ் கைக்கு வந்தபின் திருப்பித் தரும்போது, வாசலில் உள்ள புத்தகப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் மேசையில் கொடுங்கள். மெல்லிய அட்டை, கனத்த புத்தகங்களுக்கு அடியில் சிக்கி நசுங்கிவிடும்.